ஆற்றங்கரை முகாம்... அந்த இரவில் விழித்திருந்தவர்கள்!

மார்க்கர் பேனாவை எடுத்துக் குழந்தைகளின் கையிலும் காலிலும் அவரவர் பெயரை எழுதினார்கள் அந்த இரண்டு இளம்பெண்கள். இருவருக்கும் வயது 19. மெக்சிகோவிலிருந்து கோடைக்கால வேலைக்காக வந்தவர்கள். கரன்ட் போயிருந்தது. வெளியே மழை விடவே இல்லை. 'பையில் துணி எடுத்து வையுங்கள், ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லி, பிள்ளைகள் பயந்துவிடாமல் இருக்க விளையாட்டும் காட்டினார்கள். தோலில் பெயர் எழுதுவது எதற்கென்று பெரியவர்களுக்குத்தான் புரியும். பிறகு ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்தன. அவர்கள் பொறுப்பிலிருந்த சுமார் 20 சிறுமிகளும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதே முகாமின் இன்னொரு பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த 25 சிறுமிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ள இருந்த 2 இளம்பெண்களும் திரும்பவே இல்லை.

அது 2025 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். இடம், டெக்ஸாஸ் மாநிலத்தின் கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆற்றங்கரையில் இருக்கும் 'கேம்ப் மிஸ்டிக்'. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அன்றைக்கு டி.வி-யில் பார்த்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று கடந்துவிட்டோம். ஆனால், அதே ஆறு, அதே ஜூலை மாதத்தில், 38 வருடங்களுக்கு முன்பே ஒரு தேவாலயப் பிள்ளைகள் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போன கதை பலருக்குத் தெரியாது.

போன் கிடையாது... கடிதம்தான்!

நம்மூர் சர்ச்களில் மே மாதம் நடக்கும் வி.பி.எஸ். போல காலையில் போய் மதியம் திரும்புவது என்று நினைத்துவிட வேண்டாம். டெக்ஸாஸின் கிறிஸ்தவக் கோடை முகாம்களில் பிள்ளைகள் வாரக்கணக்கில் தங்குவார்கள். மரக் கேபின்கள், அடுக்குக் கட்டில்கள், ஆற்றில் நீச்சல், படகு, வில்வித்தை, குதிரையேற்றம், ராத்திரி பாட்டு, பிரார்த்தனை. ஒரு கேபினுக்கு இத்தனை பிள்ளைகள் என்று பிரித்து, கல்லூரி வயது அக்காக்கள் ஓரிருவரைப் பொறுப்பாகப் போடுவார்கள். அவர்களுக்குக் கவுன்சலர் என்று பெயர்.

கேம்ப் மிஸ்டிக் அதில் பழம்பெரும் முகாம். 1926-ல் தொடங்கியது. 1939-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில். முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் மனைவி லாரா புஷ்கூட இளவயதில் இங்கே கவுன்சலராக இருந்தவர்தான். பாட்டி வந்த முகாமுக்கு அம்மா வருவார், அம்மா வந்த முகாமுக்கு மகள் வருவாள். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்பதால், பெண் குழந்தை பிறந்த கையோடு பெயர் பதிந்து வைக்கும் குடும்பங்கள் உண்டு.

இங்கே சிறுமிகளுக்கு போன் கிடையாது. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும். திரையிலிருந்து பிள்ளைகளைப் பிரித்து ஆறும் மரமும் தோழிகளுமாக ஒரு மாதம் இருக்கவைப்பதுதான் இந்த முகாம்களின் கவர்ச்சியே. போனில் விழுந்துகிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடும் எந்த அம்மாவுக்கும் இது வரமாகத்தான் தெரியும். குறை சொல்ல முடியாது.

ஆனால் போன் இல்லாத இடத்தில் ராத்திரி ஒரு எச்சரிக்கை வந்தால், அது யார் காதில் விழும்?

1987... கடைசி நாள், கடைசி பஸ்

1987 ஜூலை 17. கேம்ப் மிஸ்டிக்கிலிருந்து ஆற்றோடு கீழே இறங்கிப் போனால் கம்ஃபர்ட் என்ற சிற்றூர் வரும். அதன் அருகே 'பாட் ஓ கோல்ட்' என்ற கிறிஸ்தவ இளைஞர் முகாம். டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அன்று முகாமின் கடைசி நாள்.

இரவெல்லாம் மேலே மழை கொட்டியதால் ஆறு ஏறுகிறது என்று தெரிந்தது. விடிகாலையில் பஸ்களில் எல்லோரையும் ஏற்றி அனுப்பினார்கள். முன்னால் போன வண்டிகள் தப்பிவிட்டன. கடைசியாகப் போன ஒரு பஸ்ஸும் அதன் பின்னால் வந்த வேனும் தண்ணீரில் மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் இறங்கி, கையோடு கை கோத்துக் கரையேறப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் பெருவெள்ளம் வந்தது. 43 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தொங்கிய 33 பேரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. பதின்வயதுப் பிள்ளைகள் 10 பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை. ஒரு சிறுமி ஹெலிகாப்டர் கயிறு வரை வந்துவிட்டாள். பிடி நழுவி விழுந்தாள்.

ஆக, இந்த ஆற்றுக்கு என்ன குணம் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

45 நிமிடம்... 26 அடி

டெக்ஸாஸின் இந்த மலைப்பகுதிக்கு 'திடீர் வெள்ளச் சந்து' என்றே பட்டப்பெயர் உண்டு. அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே மெல்லிசாக ஒரு மண் போர்வை. மழை பெய்தால் நிலம் உறிஞ்சாது. மொட்டைமாடித் தண்ணீர் குழாய்க்கு ஓடுவதுபோல அத்தனையும் ஓடைக்கும் ஆற்றுக்கும் ஓடும். வருடத்தில் பெரும்பாலான நாள்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து கடக்கக்கூடிய ஆறு, ஒரே இரவில் ஆளையே மாற்றிக்கொள்ளும்.

2025-ல் 'பேரி' என்ற புயலின் மிச்ச ஈரப்பதமும் வந்து சேர்ந்தது. ஜூலை 3 மதியமே வானிலை மையம் 'கவனமாக இருங்கள்' என்று அறிவித்தது. நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்கு வெள்ள எச்சரிக்கை. அதிகாலை 4.03-க்கு, இருப்பதிலேயே உச்சபட்ச அவசர அறிவிப்பு. ஆறு 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு டி.வி சீரியல் ஓடி முடிவதற்குள்!

கேம்ப் மிஸ்டிக்கில் பெரிய பெண்களின் கேபின்கள் மேட்டில் இருந்தன. சின்னவர்களின் கேபின்கள், ஆற்றுக்கும் ஓர் ஓடைக்கும் அருகே தாழ்வான சமதளத்தில். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள். அதில் ஒரு கேபினின் பெயர் 'பபிள் இன்'. அங்கே இருந்த 13 சிறுமிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களின் கவுன்சலர்கள் இருவரும்தான்.

முகாமை நடத்திவந்த டிக் ஈஸ்ட்லேண்ட், 70 வயதுக்காரர். சிறுமிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காரை வெள்ளம் தூக்கிச் சென்றது. அவரும் இறந்துபோனார். ஒரு காலத்தில் இந்த ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான்.

முதல் எச்சரிக்கை வந்த பிறகும் நேரம் வீணானது, கேபினை விட்டு வெளியே வர வேண்டாம் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது, கேபின்களில் இருந்த கவுன்சலர்களிடம் வாக்கி-டாக்கிகூட இல்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத வெள்ளம் அது என்பது முகாம் தரப்பின் பதில். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் சில தகவல்கள் உறுத்துகின்றன. 'ஃபெமா' என்கிற அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் அமைப்பு, 2011-ல் இந்த முகாமை வெள்ள அபாயப் பகுதி வரைபடத்தில் சேர்த்திருந்தது. மேல்முறையீடு செய்து 2013-லும், பிறகு 2019, 2020-லுமாக 30 கட்டடங்கள் அந்த வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன. வெள்ளத்துக்கு இரண்டே நாள் முன்பு, ஜூலை 2 அன்று, மாநில அரசின் ஆய்வாளர் முகாமுக்கு வந்து பார்த்தார். அவசரகாலத் திட்டம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரே இரவு, இன்னொரு முகாம்

குவாடலூப் ஆற்றுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு கிளைகள். மிஸ்டிக் இருப்பது தெற்குக் கிளையில். வடக்குக் கிளையில் 'மோ ராஞ்ச்' என்று ஒரு முகாம். பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தோடு தொடர்புடையது. அன்றிரவு அங்கேயும் இளைஞர் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது.

இரவு ஒரு மணி வாக்கில் அங்கே கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் ஊழியர் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உடனே மேலதிகாரிக்குச் சொன்னார். அவரோ அதற்கு முன்பிருந்தே புயல் தகவல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். உள்ளூர் நிர்வாகத்திடமிருந்து ஓர் உத்தரவும் வரவில்லை. வரும் என்று அவர்கள் காத்திருக்கவும் இல்லை. ஆற்றோரக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த சுமார் 70 பேரை எழுப்பி மேட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குள் பிற்பாடு வெள்ளம் புகுந்தது. முகாமில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவர்களிடம் சைரனோ விசேஷக் கருவியோ இருந்து இதைச் செய்யவில்லை. ஒருவர் விழித்திருந்தார். அவர் சொன்னதை இன்னொருவர் உடனே கேட்டார். ஒருவேளை ஆறு ஏறாமல் போயிருந்தால், நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பிவிட்டதற்கு மறுநாள் நாலு பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார்கள். அவ்வளவுதான்.

பச்சை ரிப்பன்கள்

மிஸ்டிக்கில் பிழைத்த சிறுமிகளை இங்ராம் என்ற ஊரின் தொடக்கப்பள்ளிக்குக் கூட்டிவந்தார்கள். பெற்றோர் அங்கே காத்திருந்தார்கள். தன் பிள்ளை வருவாளா என்று பெயர் கூப்பிடக் கூப்பிடக் காத்திருந்ததை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு எட்டு வயதுச் சிறுமியின் உடல் பல மாதங்கள் தேடியும் கிடைக்கவில்லை. டெக்ஸாஸ் முழுக்க அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் 130 பேருக்கும் மேல். முகாமின் நிறம் பச்சை என்பதால், தெருவோர மரங்களில் பச்சை ரிப்பன் கட்டி அஞ்சலி செலுத்தினார்கள்.

பெற்றோர் அழுததோடு நிற்கவில்லை. மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய், சட்டமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, இறந்த மகளைப் பற்றிப் பேசினார்கள். இரண்டே மாதங்களில், 2025 செப்டம்பர் 5 அன்று, முகாம் பாதுகாப்புச் சட்டங்களில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஒன்றின் பெயரே 'சொர்க்கத்தின் 27'. இனி வெள்ளம் புகும் நிலத்தில் பிள்ளைகள் தூங்கும் கேபின் இருந்தால் உரிமம் கிடையாது. எங்கே ஓடுவது, எப்படி எச்சரிப்பது என்ற திட்டம் இருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். பெற்றோருக்கும் விவரம் சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. ஃபைபர் இணைய இணைப்பு கட்டாயம் என்ற விதிக்கு லட்சக்கணக்கில் செலவாகும், சின்ன முகாம்களை இழுத்து மூட வேண்டியதுதான் என்று சில முகாம்கள் நீதிமன்றம் போயின. காட்டுக்குள் ஃபைபர் கேபிள் இழுப்பது லேசான வேலை இல்லைதான். ஆனால், மகளைப் பறிகொடுத்தவர் முன்னால் செலவுக் கணக்கைப் பேசுவது அதைவிடக் கஷ்டம்.

மதியம் 12 மணிக்கு ஒரு சைரன்

1987-ல் பத்துப் பிள்ளைகள் இறந்தார்களே, அந்த கம்ஃபர்ட் ஊர் 2025-ல் என்ன ஆனது?

ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையினர் அதற்கு முந்தைய ஆண்டுதான் பணம் திரட்டித் தங்கள் சைரன் அமைப்பை விரிவுபடுத்தியிருந்தார்கள். கெர் மாவட்டமும் 2017-ல் எச்சரிக்கை அமைப்புக்காக நிதி கேட்டது. கிடைக்கவில்லை, அதோடு நின்றுவிட்டது. இந்தச் சிற்றூர்க்காரர்கள் விடவில்லை. ஜூலை 4 காலையில் வெள்ளம் வருகிறது என்று சைரன் நீளமாக ஒலித்தது. தீயணைப்பு வண்டிகள் தெருத் தெருவாகப் போய் மக்களைக் கிளப்பின. ஆறு கரை தாண்டிப் பாய்ந்தது. கம்ஃபர்ட்டில் ஒருவரும் இறக்கவில்லை.

அந்த சைரனைத் தினமும் மதியம் 12 மணிக்கு ஒருமுறை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். வேறு எந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலும் ஏதோ நடக்கிறது, உடனே விசாரியுங்கள் என்று ஊர் மக்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.