காவலரின் கை ஓங்கினால்

கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் அளந்து, "120 தான்; கவலையில்லை" என்று டாக்டர் சொல்லக் கேட்டு மகிழாதவர் யார்? ஆனால் அந்தப் பட்டிக்கு எட்டாத அழுத்தம் ஒன்று நம் மார்புக்குள்ளேயே இருக்கிறது. இருதயத்தின் வலப்பாகம் சுவாசப்பைகளுக்கு இரத்தம் அனுப்பும் பாதை வேறு. அங்கே உச்ச அழுத்தம் ஏறக்குறைய 25 தான். சராசரி 20-ஐத் தாண்டினால் அது வியாதி என்று இன்றைய வைத்தியர்கள் கொள்கிறார்கள். அதைச் சரியாக அளக்க வேண்டுமானால் மெல்லிய குழல் ஒன்றை இருதயத்தின் வழியே செலுத்த வேண்டும். படி ஏறினால் மூச்சுத் திணறும், கால் வீங்கும், கடைசியில் வலப்பாகம் ஓய்ந்துவிடும். "வயதாகிவிட்டது" என்று நாம் தள்ளிவிடும் மூச்சு வாங்கலில் இதுவும் ஒளிந்திருக்கக் கூடும்.

இவ்வழுத்தம் ஏறுவதற்குக் காரணங்கள் பல. மிக விசித்திரமான ஒன்றைப் பிரேஸில் தேசத்தின் வடகிழக்கே, ஆறு குளங்களில் குளிப்போரிடமும் துணி துவைப்போரிடமும் காணலாம். நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்ணிய புழுக்குஞ்சுகள் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைச் சார்ந்த இரத்தக் குழாய்களில் வளர்ந்து முட்டையிடுகின்றன. முட்டைகள் ஈரலைத் தழும்பாக்குகின்றன. வழி அடைபட்ட இரத்தம் புறவழி தேடும்போது, அம்முட்டைகளும் கூடவே சுவாசப்பைக்குப் போய்ச் சேருகின்றன.

முட்டைகள் குழாயை அடைப்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் சுவாசப்பையில் குழாய்கள் ஏராளம். சில அடைபட்டால் மற்றவை விரிந்து கொடுக்கும். பெருந்தீங்கு செய்பவை, முட்டையை வளைத்துக்கொள்ளும் நம்முடைய வெள்ளணுக்களே! சுண்டெலிகளில் செய்த சோதனைகளால் இது படிப்படியாக விளங்கியது. முட்டையை அந்நியப் பொருளென்று கண்ட 'டி' அணுக்கள் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்னும் இரசாயனத் தூதுகளை விடுக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் பிறந்த மானோஸைட் அணுக்கள் வந்து குழாயைச் சுற்றிக் குழுமுகின்றன. அவை கொணரும் திராம்போஸ்பாண்டின் என்னும் புரதம், உறங்கிக் கிடக்கும் 'டி.ஜி.எப். பீட்டா' என்னும் பொருளை எழுப்பிவிடுகிறது. புண்ணை ஆற்ற உதவும் பொருள் அது. இங்கேயோ குழாயின் சுவரைத் தடிக்கச் செய்து உள்வழியைக் குறுக்குகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தபோது, சுண்டெலிகளுக்கு அழுத்தம் அவ்வளவு ஏறவில்லை.

"அப்படியானால் வெள்ளணுக்களை ஒடுக்கிவிட்டால் தீர்ந்ததே, ஸார்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவ்வளவு எளிதன்று, தம்பி. 'டி' அணுக்களுள்ளேயே மற்றவற்றை அடக்கி ஆளும் வகையும் உண்டு. அவை இல்லாத எலிகளுக்குக் குழாய்களைக் கெடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்தபோது வியாதி கடுமையாக வந்தது. அடக்கும் அணுக்களை முன்கூட்டியே செலுத்திய எலிகள் தப்பின.

பிராஸிகுவான்டெல் மருந்து புழுவைக் கொல்கிறது; தடித்துப்போன குழாய் அதனால் மட்டும் பழையபடி ஆவதில்லை. 2024-ல் அமெரிக்காவில் ஸோடாடர்ஸெப்ட் என்னும் புதிய மருந்து அனுமதி பெற்றது. டி.ஜி.எப். பீட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டிவின் என்னும் பொருளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. அதன் பெருஞ்சோதனையில் புழு நோயால் அழுத்தம் ஏறியவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.