பூச்சிக்கொல்லிகளும் சிறுவர் புற்றுநோயும்

பூச்சிக்கொல்லிகள், களைக்கொல்லிகள் ஆகியவற்றின் தாக்கத்துக்கு உள்ளாகும் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறதா என்பது நோய்ப்பரவலியலில் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி ஆகும். சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயான இரத்தப் புற்றுநோய் பற்றியே ஆய்வுகள் அதிகம் உள்ளன.

குழந்தைகளின் உடல்நிலை

உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதலாக உண்கின்றனர். கூடுதலாக மூச்சை உள்ளிழுக்கின்றனர். தவழும் பருவத்தில் தரையில் படிந்த மருந்து கைவழியே வாய்க்குச் செல்கிறது. நஞ்சைச் சிதைக்கும் நொதிகளும் அப்போது முழுவளர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 1993இல் இதனை விரிவாக எடுத்துரைத்தது. அதன்பின் 1996இல் அந்நாடு இயற்றிய உணவுத்தரப் பாதுகாப்புச் சட்டம், உணவில் தங்கும் பூச்சிக்கொல்லியின் அளவை வரையறுக்கும்போது குழந்தைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்றது. போதிய தரவுகள் இருந்தால் மட்டுமே அதைக் குறைக்கலாம்.

ஆய்வு முடிவுகள்

2015இல் 'பீடியாட்ரிக்சு' இதழில் வெளியான ஆய்வொன்று, முன்னர் நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. வீட்டுக்குள் பூச்சிக்கொல்லியின் தாக்கத்துக்கு உள்ளான சிறுவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 47 விழுக்காடும், நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு 43 விழுக்காடும் அதிகமாக இருந்தன. வயலில் தெளிக்கும் மருந்தே ஆபத்தானது என்று பலரும் கருதினாலும், கரப்பானுக்கும் கொசுவுக்கும் வீட்டில் அடிக்கும் மருந்தும் பொருட்படுத்தத் தக்கது என்பதை இது காட்டுகிறது. தாய் கருவுற்றிருந்த காலத்தில் வீட்டில் பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்பட்டிருந்தால் இவ்வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என 2010இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

இந்த விழுக்காடுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். சிறுவர் இரத்தப் புற்றுநோய் அரிய நோய். ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் சிறுவர்களில் ஏறக்குறைய ஐவருக்கே வருகிறது. வாய்ப்பு ஒன்றரை மடங்கானாலும் அவ்வெண்ணிக்கை ஏழு அல்லது எட்டு ஆகும்.

ஐயங்கள்

இவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை, நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரையும் நலமான குழந்தைகளின் பெற்றோரையும் வினவி ஒப்பிடுபவை. நோயுற்ற குழந்தையின் தாய் பழையவற்றை மிகக் கூர்ந்து நினைவுகூர்வார், மற்றவர் மறந்திருப்பார். இதனால் தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். பல மருந்துகள் கலந்தே பயன்படுவதால் எது காரணம் எனப் பிரிப்பதும் கடினம். 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை லிண்டேனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆயினும் அதற்கான மனிதச் சான்றுகள் வளர்ந்தவர்களிடமிருந்து, குறிப்பாக வேளாண் தொழிலில் ஈடுபட்டோரிடமிருந்து, பெறப்பட்டவை.

மெக்பார்லாந்து

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் உள்ள சிறு வேளாண் நகரம் மெக்பார்லாந்து. 1980களில் இங்குச் சிறுவர் புற்றுநோய் எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கையைவிட அதிகமாக இருப்பது தெரியவந்தது. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசு, பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து 1988இல் அருகிலுள்ள தெலானோவில் 36 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். மாநில நலத்துறை நீர், மண், காற்று ஆகியவற்றை ஆராய்ந்தும் பொதுவான காரணம் எதையும் கண்டறிய இயலவில்லை. நோயுற்ற சிறுவர்களின் எண்ணிக்கை சிறியது. அவர்களுக்கு வந்த புற்றுநோய்களும் ஒரே வகையின அல்ல. இத்தகைய சூழலில் புள்ளியியல் முறையால் ஒரு காரணத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஐயம் தீராத நிலையிலேயே அக்குடும்பங்கள் அந்நகரில் தொடர்ந்து வாழ நேர்ந்தது.

தடுப்பு

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, சான்று முழுமை பெறும்வரை காத்திராமல் குழந்தைகள் மீதான தாக்கத்தைக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. சுவர் வெடிப்புகளை அடைத்தல், உணவுச் சிதறல்களை அகற்றுதல், நீர்க்கசிவை நிறுத்துதல், தெளிப்பு மருந்துக்கு மாற்றாகப் பொறி வைத்தல் போன்றவை இத்தகைய வழிகளாகும். மருந்துகளை அவற்றின் மூலக் கலனிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பது நேரடி நச்சுப்பாட்டுக்குக் காரணமாகிறது.