மலை ஏறும்போது ஸ்கூட்டர் இழுக்க மாட்டேங்குதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. ஊருக்குள் பறக்கிற 110 சிசி ஸ்கூட்டர், பின்னாடி ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு இந்த வளைவுகளில் திரும்பும்போது, ஆக்சிலரேட்டரை முழுசா முறுக்கினாலும் திணறும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், ஒதுங்க இடம் இருக்காது. வளைவின் நடுவில் வண்டி நின்றுபோனால் பின்னோக்கி உருளும் ஆபத்தும் இருக்கு.

ஊர் திரும்பியதும் பலரும் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி, "அண்ணே, போர் பெருசு பண்ணிடலாமா? சைலன்சர் மாத்தினா பிக்கப் வருமா?" என்பதுதான். ஆனால் கியர் இல்லாத ஸ்கூட்டரில் பல நேரம் விஷயம் இன்ஜினில் இல்லை. இடது பக்க கவருக்குள் இருக்கும் பெல்ட், ரோலர்களில்தான் இருக்கு.

மலையில் என்ன நடக்குது?

வண்டி, இரண்டு பேர், ஒரு பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் ஏற, அந்த எடையைத் தூக்க மட்டுமே சுமார் 2.7 குதிரைத்திறன் வேண்டும். 110 சிசி இன்ஜினிடம் 7 முதல் 8 குதிரைத்திறன் வரை இருக்கே, பிறகு ஏன் திணறுது?

அந்த முழு சக்தியும் நிமிடத்துக்கு 7,500 - 8,000 சுற்றுகளில்தான் கிடைக்கும். இன்ஜின் 4,000 சுற்றில் முனகிக்கொண்டிருந்தால் பாதியை விடச் சற்று அதிகம் கிடைத்தாலே பெரிது. அதிலும் பெல்ட் வழியாகப் போகும்போது ஒரு பகுதி வீணாகும். ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், இன்ஜின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும்.

ரோலரில்தான் சூட்சுமம்

பைக்கில் ஏற்றம் வந்தால் நாமே கியரைக் குறைப்போம். ஸ்கூட்டரில் அந்த வேலையை வேரியேட்டர் செய்யுது. முன் புல்லிக்குள் பெரும்பாலும் ஆறு சின்ன ரோலர்கள் இருக்கும். இன்ஜின் சுற்ற சுற்ற அவை வெளிப்பக்கமாக விலகி, புல்லியின் ஒரு தட்டை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். அதாவது கியர் கூடுது என்று அர்த்தம்.

ரோலர் கனமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே இந்தத் தள்ளல் நடந்துவிடும். சமவெளியில் மைலேஜுக்கு அது நல்லது. மலையில் அதுவே வினை. எடை குறைந்த ரோலரைப் போட்டால், தட்டைத் தள்ள இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதனால் இன்ஜின் சக்தி கிடைக்கும் சுற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கும், வண்டியும் இழுக்கும். கவனிங்க, இன்ஜின் சக்தி ஒரு பொட்டு கூட அதிகமாகவில்லை. இருப்பதைச் சரியான இடத்தில் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

எவ்வளவு குறைக்கலாம்? ஒரு ரோலருக்கு ஒரு கிராம் குறைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பான ஆரம்பம். இரண்டு எடைகளைக் கலந்து போடுவதாக இருந்தால் மூன்றுக்கு மூன்று, ஒன்று விட்டு ஒன்றாக வைக்க வேண்டும். ஒரே பக்கம் கனமானவை சேர்ந்தால் புல்லி அதிரும். ஆசைப்பட்டு ரொம்பவும் குறைத்தால், சத்தம்தான் பெருசா வரும், வண்டி நகராது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் மலைக்குப் போகிறவருக்கு இந்த மாற்றமே தேவையில்லை என்பேன்.

முதலில் தேய்மானத்தைப் பாருங்க

புது ரோலர் வாங்கும் முன், பழசைக் கழற்றிப் பாருங்க. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது உருளாது, இழுபடும். பெல்ட்டின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்க. தேய்ந்து குறுகிய பெல்ட், பின் புல்லியில் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும். பைக்கில் முதல் கியரே இல்லாமல் இரண்டாவதில் கிளம்பினால் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிடும். நாம் சொல்லும் 'பிக்கப் இல்லை' புகார் பலவும் இங்கேயே தீர்ந்துவிடும். பெல்ட்டில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது, பட்டால் வழுக்கும்.

பளபளவென்று தேய்ந்த கிளட்ச் ஷூ, அடைத்த ஏர் ஃபில்டர், காற்று குறைந்த டயர், லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும் பின் பிரேக் ஆகியவையும் சக்தியைத் தின்னும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் இருந்தால், உயரத்துக்கு ஏற்ப பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்ளும். பழைய கார்பரேட்டர் வண்டியில் மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் அதிகமாகி, புகையும் திணறலும் வரலாம்.

போர் பெருசு பண்ணினால்?

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் சிசி பதிவாகியிருக்கும். அதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 அனுமதிக்கவில்லை. பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். ரோலர் எடை ஆர்.சி.யில் வருவதில்லை. ஆனாலும் வாரன்டி இருக்கும் வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறியாச்சு, இறங்கணுமே!

வேகம் குறைந்ததும் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும். இன்ஜின் பிடித்து நிறுத்தாது, வண்டி சும்மா உருளும். முழு பாரமும் பிரேக் மேலதான். டிரம் பிரேக் தொடர்ந்து சூடானால் பிடிப்பு குறையும், லிவர் வழக்கத்தை விட உள்ளே போகும். அப்படித் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறிய பிறகு கிளம்புங்க. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.