‘2 ஜி.ஆர்.’ என்றொரு வானொலி!

பொழுது சாய்ந்ததும் கூடலூரிலும் சின்னமனூரிலும் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஜனங்கள் கூடி உட்கார்ந்த காலம் ஒன்று உண்டு. கழனி வேலை முடிந்து வந்தவர்கள் தோளில் துண்டோடு அப்படியே அமர்ந்துவிடுவார்கள். திருச்சி நிலையம் பேசத் தொடங்கினால் மற்றப் பேச்செல்லாம் ஓய்ந்துவிடும்.

திருச்சிக்கு முன்னால் தமிழ்நாட்டில் பேசிய வானொலி எது தெரியுமா? அதன் பெயர் ‘2 ஜி.ஆர்.’ பெயரா இது, பூட்டின் நம்பரா என்று கேட்கத் தோன்றும். அந்த நாளில் வானொலிகளுக்கு இப்படித்தான் பெயரிட்டார்கள். 1922-ல் ஒலிபரப்பைத் தொடங்கிய லண்டன் நிலையத்துக்கே ‘2 எல்.ஓ.’ என்றுதான் பெயர். வானவெளியில் யார் குரல் எது என்று அடையாளம் காண இந்தக் குறி வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

‘2 ஜி.ஆர்.’ சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பின் குறி. 1924 மே 16-ல் அந்தக் கிளப்பை ஆரம்பித்தவர் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். சீமையிலிருந்து தாம் கொண்டுவந்த சாமான்களைப் பூட்டி ஒலிபரப்புக் கருவி ஒன்றை உண்டாக்கினார். ஜூலை 31-ல் அது பாடத் தொடங்கியது. அதன் சக்தி எவ்வளவு? 40 வாட்! வீட்டுத் தாழ்வாரத்தில் எரிகிற ஒரு பல்புக்கு வேண்டிய சக்திதான். பிறகு 200 வாட் ஆயிற்று. சங்கீதமும் பிரசங்கமும் ஒலித்தன. சுமார் 300 மைலுக்கு அப்பாலிருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பல்பின் வெளிச்சம் எட்டுமா?

சர்க்கார் பணமில்லை, கம்பெனி முதலும் இல்லை. ஆர்வம் ஒன்றையே முதலாகப் போட்டு நடத்திய காரியம் அது. மூன்று வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது. 1927 அக்டோபரில் பணமுடையால் கிளப் மூடப்பட்டது.

அதே அக்டோபரில் வாஷிங்டன் நகரில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்! இந்தியாவின் நிலையங்கள் ‘வி.யு.’ என்று தொடங்கும் குறிகளைப் பெற்றன. ‘7 பி.ஒய்.’ என்றிருந்த பம்பாய் ‘வி.யு.பி.’ ஆயிற்று, ‘7 ஸி.ஏ.’ என்றிருந்த கல்கத்தா ‘வி.யு.ஸி.’ ஆயிற்று. சென்னையின் ‘2 ஜி.ஆருக்கு’ மறுபெயர் பெறும் பாக்கியம் இல்லை. பந்தி போடும் நேரத்தில் விருந்தாளி எழுந்து போன கதைதான்.

ஆனாலும் செட்டியார் நட்டது பட்டுப்போகவில்லை. கிளப்பின் கருவி சென்னைக் கார்ப்பரேஷன் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1-ல் கார்ப்பரேஷனே ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பார்க்குகளிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சொந்தமாகப் பெட்டி வாங்க வக்கில்லாதவனும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டான். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி அந்தப் பொறுப்பை ஏற்றது. அப்போதுதான் சென்னை ‘வி.யு.எம்.’ ஆயிற்று.

மறு வருஷம், 1939 மே 16-ல், திருச்சி நிலையம் பிறந்தது. கிளப் தொடங்கிய அதே தேதி! அதன் சக்தி 5,000 வாட். மத்திய அலை நிலத்தைத் தழுவிக்கொண்டு போகும். குன்று குறுக்கிட்டாலும் வளைந்து கொடுக்கும். ஆகவே 120 மைல் தள்ளியிருக்கும் கம்பத்துக்கும் அது எட்டியது. இதற்குக் குறி ‘வி.யு.டி.’, டெல்லிக்கும் ‘வி.யு.டி.’தான்! ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் எழுதினால்தான் இந்தக் குழப்பம்.

பண்பலையின் குணம் வேறு. அது நேர்க்கோட்டில் போகும். மலை மறித்தால் நின்றுவிடும். அதனால் மலையையே மேடையாக்கி, 1994-ல் கொடைக்கானலில் நிலையம் வைத்தார்கள். பெரியகுளத்திலும் தேனியிலும் அதை எழுத்துக் குறியால் யாரும் கேட்டதில்லை. நூறு புள்ளி ஐந்து என்றால்தான் தெரியும். பெயராக மறுபடியும் நம்பரே வந்துவிட்டது!