உங்களுக்குத் தெரியுமா? நவம்பரில் கிர்கிஸ்தான்
கிர்கிஸ்தானுக்கு நவம்பரில் போகிறவர்கள் சோங்-குல் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கும் ஆசையை விட்டுவிடலாம். 3,016 மீட்டர் உயரத்திலுள்ள அந்த மேய்ச்சல் வெளியை விட்டு மேய்ப்பர்கள் செப்டம்பரிலேயே குதிரை, ஆடுகளோடு கீழே இறங்கத் தொடங்குவார்கள். ‘யுர்ட்’ என்ற கம்பளிக் கூடாரங்களையும் கழற்றி மூட்டை கட்டிவிடுவார்கள். பிறகு ஏரி உறையும். கணவாய்ச் சாலைகளைப் பனி மூடும்.

இசிக்-குல் ஏரி வேறு ரகம். 1,607 மீட்டர் உயரத்தில் இருந்தும் கடுங்குளிரில்கூட உறைவதில்லை. 600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் லேசான உப்பும்தான் காரணம். தென்கரையில் இருக்கும் பொகொன்பாயெவோ, பழக்கிய பொன்னாங்கழுகை வைத்து வேட்டையாடுவோருக்குப் பேர்போன ஊர். கோடையில் அங்கே காட்டுவது பெரும்பாலும் பயணிகளுக்கான வித்தை. நிஜ வேட்டைக்குக் குளிர் தொடங்க வேண்டும்.