பண்ணைச் சுற்றுலாவா? முதலில் படகுக்காரர் கணக்கைப் பாருங்கள்

பட்டுச்சேலை எடுக்க ஆரணிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு மல்பெரித் தோட்டத்தையும் புழு வளர்ப்பையும் காட்டி, மதியச் சாப்பாடும் போட்டால் கூடுதல் வருமானம் கிடைக்குமே என்று நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் கடன் வாங்கிக் குடில் கட்டும் முன், புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் ஸ்கூபா டைவிங் படகு விடுபவர்கள் போடும் கணக்கைப் பாருங்கள். தொழில் வேறு; நஷ்டம் வரும் வழி ஒன்றுதான்.

காலி இருக்கைக்கும் செலவு உண்டு

படகில் 2 பேர் ஏறினாலும் 8 பேர் ஏறினாலும் டீசலும் படகோட்டி கூலியும் மாறாது. இது ஒரு பயணத்துக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குக் கட்டணம் 3,000. சிலிண்டரில் காற்று நிரப்புதல், பயிற்றுநர், சாப்பாடு ஆகியவற்றுக்கு 1,000 போனால் மிச்சம் 2,000. எனவே 3 பேர் வந்தால் அன்றைய செலவு கட்டுபடியாகும்.

ஆனால் கடன் தவணை, கம்ப்ரசர், பராமரிப்பு என ஆண்டுக்கு 6 லட்சம் ஆனால்? 120 நாள் படகு ஓடினால் நாளுக்கு 5,000 கூடும். 6 பேர் தேவை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து, ஆண்டில் 80 நாள்தான் ஓடியது என்றால் 7 பேர் தேவை. அதனால்தான் முன்பணம் வாங்குகிறார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை மூழ்கவும் அழைத்துச் செல்கிறார்கள்.

உங்கள் பண்ணைக்கு

சமையல், உதவியாள் கூலி நாளுக்கு 2,400; கட்டணம் 500; சாப்பாட்டுச் செலவு 200 என்றால் ஆளுக்கு மிச்சம் 300. 8 பேர் வந்தால் போதும். குடிலுக்கான தவணையும் பராமரிப்பும் ஆண்டுக்கு 60,000 ஆனால், 50 நாள் நடத்தினாலும் 12 பேர் வேண்டும். 30 நாள்தான் என்றால் 15 பேர். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

* முதல் ஆண்டு குடில் வேண்டாம். இருக்கும் களமும் மரநிழலும் போதும்.

* தனி ஆட்களுக்குப் பதில், முன்பணத்துடன் குழுவாக வருபவர்களுக்கு நாள் குறியுங்கள்.

* புழுக்கள் இலையை வேகமாகத் தின்னும் ஐந்தாம் பருவ நாட்களில் அழைத்தால் பார்க்கச் சுவாரசியமாக இருக்கும்.

* புழு வளர்ப்பு மனைக்குள் யாரையும் விடாதீர்கள். செருப்போடும் கையோடும் நோய்க்கிருமி வரும். திறந்த கதவு வழியே ஊஜி ஈ நுழையும். வலை அடித்த ஜன்னல் வழியாகக் காட்டுங்கள்.

* வந்தவர்களிடம் சொந்த அரிசி, கடலை எண்ணெய் விற்றால் கூடுதல் செலவில்லாமல் வருமானம் உயரும்.

நோயில் ஒரு வளர்ப்பு போனால், பல நாள் பார்வையாளர் பணம் அதை ஈடுகட்டாது. உங்கள் முதல் வருமானம் பட்டுக்கூடுதான். தொடங்கும் முன் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் கலந்து பேசுங்கள்.