பிறகு என்ன ஆனார்? – 11: நள்ளிரவில் எரித்த பட்டியல்

வியன்னா பிரசவ வார்டும் செம்மல்வைஸ் வைத்த குளோரின் தொட்டியும் போன வாரத்தோடு முடிந்தன. விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

மருத்துவமனை வரவேற்பறைகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே என்.ஏ.பி.எச். தரச்சான்று, அதற்குள் என்னதான் இருக்கிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எங்கிருந்து வந்தது இந்தத் தரச்சான்று என்று பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனதில், 1919-ல் நியூயார்க்கில் எரிந்த ஒரு பட்டியலிடம் போய் நின்றேன். நான்கு நாளாக அது மனதை விட்டு அகலவில்லை. நாளை காலை கட்டுரை அச்சுக்குப் போயாக வேண்டும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களுக்கான சங்கம் ஒன்று 1913-ல் பிறந்தது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்று பெயர். ஒரு மருத்துவமனை குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் 1917-ல் வகுத்தது. மொத்தமே ஒரு பக்கம், ஐந்து விதிகள். மருத்துவர்கள் ஒரு குழுவாக இயங்க வேண்டும். அவர்கள் தகுதியும் உரிமமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடி, பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பேடு வேண்டும். ஆய்வகமும் எக்ஸ்ரேயும் வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது: நோயாளியை அனுப்பி வைத்தவருக்குக் கட்டணத்தில் பங்கு கொடுப்பது எந்த வடிவிலும் கூடாது. ‘ரெஃபரல் கமிஷன்’ என்று நாம் இன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை, நூறு வருஷத்துக்கு முன்பே முதல் தரநிலையில் தடுத்து எழுதியிருக்கிறார்கள்.

எழுதியதோடு நிற்கவில்லை, நேரில் போய்ப் பார்த்தார்கள். நூறு படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளைச் சோதித்ததில் தேறியவை 89. எட்டில் ஒன்றுதான்! தேறாதவற்றில் நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் சங்கத்தார் கூடியபோது, தேறியவை எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று பயம் வந்துவிட்டது. நள்ளிரவில் ஹோட்டலின் உலையில் போட்டு அதை எரித்துவிட்டார்கள்.

அந்த ஹோட்டல் இருந்த இடத்தையும் தேடிப் பார்த்தேன். ஐந்தாம் அவென்யூவும் 34-வது தெருவும் சந்திக்கும் மூலை. 1929-ல் பழைய ஹோட்டலை இடித்தார்கள். இன்று அங்கே நிற்பது எம்பயர் ஸ்டேட் கட்டடம். நியூயார்க் போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கும் அந்த இடத்தில்தான், எந்தெந்த மருத்துவமனைகளை நம்பக் கூடாது என்று மக்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய காகிதங்கள் சாம்பலாயின. இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் விதை போட்டவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். இந்தத் தொடரின் தலைப்பே அவருடைய கேள்விதான். இத்தனை வாரம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மாணவப் பருவத்திலேயே அவருக்கு இந்தப் பித்து பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் ஈதர் கொடுத்து மயக்க வைப்பது மாணவர்களின் வேலை. உடன் படித்த ஹார்வி குஷிங், மூளை அறுவை சிகிச்சையில் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர், ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். குஷிங் நொறுங்கிப்போனார். யார் நன்றாக மயக்கம் கொடுக்கிறார்கள் பார்ப்போம் என்று நண்பர்கள் இருவரும் ஓர் இரவுச் சாப்பாட்டைப் பந்தயமாக வைத்தார்கள். பந்தயத்துக்குக் கணக்கு வேண்டுமே? மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நிமிடக் கணக்கில் தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 1894-ல் பிறந்த அந்த ஈதர் தாளின் வழித்தோன்றல்தான், இன்று ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருத்துவர் நிரப்பும் தாள்.

பிறகு காட்மன் ஓர் அட்டையைக் கொண்டுவந்தார். நோயாளிக்கு ஓர் அட்டை. என்ன தொந்தரவு, என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், இடையில் என்ன சிக்கல் வந்தது என்று அதில் எழுத வேண்டும். கடைசி வரிக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவரைத் தேடிப்பிடித்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். நன்றாக இல்லையென்றால் ஏன் என்றும் எழுத வேண்டும். ‘இறுதி விளைவு’ முறை என்று இதற்குப் பெயர் வைத்தார்.

மற்ற மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. காட்மன் 1911-ல் சொந்தமாகச் சிறிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து 1916 வரை வீடு திரும்பிய 337 பேரின் கணக்கைச் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 பிழைகளை ஒப்புக்கொண்டிருந்தார். பித்தப்பை அறுவையில் கட்டக்கூடாத நாளத்தைத் தானே கட்டிவிட்டதையும், அந்த நோயாளி இறந்ததையும் மறைக்காமல் எழுதினார். யாரும் கேட்காமல் தன் தவறை இப்படி அச்சில் ஏற்றிய இன்னொரு மருத்துவரை நான் படித்ததில்லை.

மருத்துவமனைகளைத் தரப்படுத்தும் குழுவுக்கு முதலில் தலைவராக இருந்தவரும் அவரே. ஆனால் 1917-ன் அந்த ஒரு பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். குறிப்பேடு இருக்கிறதா, கூட்டம் நடக்கிறதா, எக்ஸ்ரே இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. நோயாளி பிறகு என்ன ஆனார் என்று கேட்கவில்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

அதற்காகத் தரநிலைகளை வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதை என் சித்தியின் கட்டிலருகில் கற்றுக்கொண்டேன்.

முதலில் சித்தியைச் சேர்த்த மருத்துவமனையில், அதே வார்டில் அதே பெயரில் இன்னொரு அம்மா இருந்தார். மதியம் ஊசியோடு வந்த நர்ஸ், “பன்னெண்டாம் பெட்டா?” என்றார். காலையில்தான் கட்டிலை மாற்றியிருந்தார்கள். சித்தி அரைத்தூக்கத்தில் கையை நீட்டிவிட்டார். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாவின் மகள்தான், “அக்கா, அது எங்கம்மாவோட இன்சுலின்” என்று ஓடி வந்தாள். சித்திக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

அடுத்த முறை வேறொரு மருத்துவமனை. அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால், “உங்க முழுப் பேரு சொல்லுங்கம்மா” என்று கேட்டு, மணிக்கட்டுப் பட்டையில் உள்ள எண்ணைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான்காம் நாள் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, தினமும் பாக்குற. இன்னுமா என் பேரு தெரியல?”

“நல்லாத் தெரியும்மா. தெரிஞ்சாலும் கேக்கணும்.”

இரண்டு அடையாளங்களை வைத்து நோயாளியை உறுதிசெய்ய வேண்டும், கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பது உலகெங்கும் தரச்சான்று விதிகளில் உள்ள ஒரு வரி. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நம் ஊரில் அந்த வரிக்கு உள்ள மதிப்பைச் சொல்லவே வேண்டாம். அந்த நர்ஸ் சித்தியை மறந்துவிடவில்லை. எல்லாருக்கும் ஒருநாள் அசதி வரும் என்று அந்த விதிக்குத் தெரிந்திருந்தது.

2005-ல் இந்தியாவில் அமைந்த என்.ஏ.பி.எச்., அரசு மருத்துவமனைகளுக்கான என்.க்யூ.ஏ.எஸ். தரநிலைகள், சோதிக்க வரும் அசெஸ்ஸர் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன வழியெல்லாம் போய்ப் பார்ப்பது, வார்டு அலமாரியிலிருந்து அடர் பொட்டாசியம் குளோரைடை ஏன் அகற்றச் சொன்னார்கள் என்பது, எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. தொற்று விகிதம், மருந்துப் பிழை முதலியவற்றை மாதாமாதம் கணக்கிடச் சொல்கிறது இன்றைய தரச்சான்று. அந்த எண்களை நோயாளிகள் படிக்கும்படி சுவரில் எழுதி வைத்த மருத்துவமனை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. சான்றிதழ் மாட்டும் அதே சுவரில் அவற்றையும் மாட்ட வேண்டும். இந்தத் தொடர் முடியும்வரை இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

காட்மன் 1940-ல் காலமானார். பாஸ்டனை அடுத்த மவுன்ட் ஆபர்ன் கல்லறையில் அவர் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லாமல் கிடந்தார். 2014-ல்தான் கல் வைத்தார்கள்.

சித்தி வீடு திரும்பி வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நன்றாக இருக்கிறார். படியேறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது என்கிறார். அந்த இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் இன்றுவரை ஒருவரும் கூப்பிட்டு இதைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: கேஸ் ஷீட்டைப் பின்தொடர்ந்து)